காப்புக் கட்டிய கையோடு பாலம் தாண்டினோம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது கேஸ், அதாவது வாயு, இல்லை. எங்கள் பக்கத்தில் நெஞ்சு வலி என்று யார் சொன்னாலும் கேஸாக இருக்கும் என்பார்கள். இஞ்சி தட்டிப் போட்டு, பால் விடாத பிளேன்டீ ஒன்று கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஃபார்மசியில் வெள்ளை மருந்து வாங்கி இரண்டு மூடி ஊற்றுவார்கள். எனக்கும் இதெல்லாம் நடந்தது. இஞ்சி பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே மாரடைப்பை வாங்கிக்கொண்ட ஆள் நான். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது இஞ்சியைத் தேடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கோபமும் ஒரு காரணம். அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

என் பெயர் செல்வராணி. இரத்தோட்டையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வயது நாற்பத்திரண்டு. பிரஷர் இல்லை, சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் இல்லை, இரத்தத்தில் கொழுப்பு இல்லை. என் வீட்டுக்காரர் முருகேசு ஹாட்வெயார் கடையில் வேலை. ஒரே மகள் தர்ஷினி, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரையும் இறக்கிவிட்டு வந்து வேனின் பக்கக் கதவைச் சாத்தப் போனேன். அது துருப்பிடித்த கதவு, முக்கி இழுத்தால்தான் வரும். முக்கி இழுத்தேன். கதவு வந்தது, கூடவே வலியும் வந்தது. நெஞ்சின் நடுவில் தொடங்கி தாடை வரை ஏறியது. இடது கை விறைத்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. நான் சொன்ன இஞ்சி வைத்தியம் அதன் பிறகுதான் நடந்தது. முருகேசு வந்து என் முகத்தைப் பார்த்தவர், நான் குடித்துக்கொண்டிருந்த கோப்பையைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டார்.

"மொகம் சாம்பல் மாதிரி இருக்கு. ஏறு புள்ள, பேசாம ஏறு."

"கேஸுங்க. கொஞ்ச நேரத்துல..."

"கேஸுன்னா அங்க போயி கேஸுன்னு சொல்லட்டும். நீ டொக்டரா?"

அந்த மனிதர் கல்யாணமான நாளில் இருந்து என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இதயத்தின் தசை அடிபட்டால் அதிலிருந்து ஒரு பொருள் இரத்தத்தில் கசியுமாம். ட்ரோபோனின் என்று பெயர். என் இரத்தத்தில் அது நிறைய இருந்தது. மாரடைப்பு என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, நம்பவில்லை. அம்புலன்ஸில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் டிரைவர் எப்படிக் கியர் மாற்றுகிறார் என்பதையே கேட்டுக்கொண்டு போனேன். பயத்தை நினைக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கண்டியில் அஞ்சியோகிராம் செய்தார்கள். பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், ஆள் முழித்துக்கொண்டே இருக்கலாம். மணிக்கட்டை மரத்துப்போகச் செய்து, இரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய வயரை இதயம் வரை விடுகிறார்கள். சாயம் செலுத்தி, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை ஸ்கிரீனில் படமாகப் பார்க்கிறார்கள். சாயம் போகும்போது உடம்பு சூடாகும், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் உள்ளே போனவர் நாவுலவிலிருந்து வந்த சோமா அக்கா. சிங்கள அம்மா, வயல் வேலை செய்கிறவர். பக்கத்துக் கட்டில் என்பதால் இரண்டு பேரும் சிங்களத்தில் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டோம். என்னை "நங்கி", அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். அவர் மணிக்கட்டில் பிக்குமார் ஓதிக் கட்டிவிடும் பிரித் நூல் கட்டுக் கட்டாக இருந்தது. வயர் விட வேண்டிய இடத்தில் நூல் இருக்கிறது, வெட்டட்டுமா என்று அட்டென்டன் பொடியன் தயங்கித் தயங்கிக் கேட்டான். சோமா அக்கா கையை நீட்டிவிட்டார்.

"வெட்டு மகன், வெட்டு. நூல் கட்டினது நான் நல்லா இருக்கத்தானே."

அந்தக் கத்தரிக்கோல் சத்தம் எனக்கு ஏனோ மனதில் நின்றுவிட்டது.

என் முறை வந்தது. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர்மார் பேச்சை நிறுத்தினார்கள். பெரிய டொக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வயரை மெதுவாக வெளியே எடுக்கச் சொன்னார். ஸ்டென்ட் ஒன்றும் வைக்கவில்லை. அதாவது, குழாயைத் திறந்து வைக்கும் அந்தச் சின்ன வலைக் கம்பியை எனக்கு வைக்கவில்லை. மறுநாள் காலையில் கட்டிலுக்கு வந்து அவரே விளக்கினார்.

"உங்களுக்குக் கொழுப்பு அடைக்கவில்லை. குழாயே கிழிந்திருக்கிறது. தானாகக் கிழிந்திருக்கிறது."

குழாயின் சுவர் படை படையாக இருக்குமாம். உள்படை கிழிந்து, இரத்தம் படைகளுக்கு நடுவே புகுந்து புடைத்து, பாதையை அடைத்துவிட்டதாம். நான் வேன் ஓட்டுகிறவள், சட்டென்று புரிந்தது. டயரின் உள்படை பிய்ந்து ஒரு பக்கம் மட்டும் வீங்கி நிற்குமே, அந்த மாதிரி. "பட்ச் போட்டா என்ன மிஸ்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். உங்கள் குழாய் ஈரக் கடதாசி மாதிரி இருக்கிறது, கம்பியை விட்டால் கிழிசல் இன்னும் நீளும், மருந்து கொடுத்துக் கை வைக்காமல் விட்டால் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றார்.

என் தம்பி பாலாவுக்கு இது விளங்கவே இல்லை. மிளகு மூட்டை ஏற்றும் லொறி வைத்திருக்கிறான், எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கிறான், என் மேல் உயிரையே வைத்திருக்கிறான். பார்வையாளர் நேரத்தில் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒன்னுமே செய்யாம விட்டுட்டாங்களாம்ல? வா அக்கா, கொழும்புக்குப் போவோம். லொறிய வித்துட்டாச்சும் பாத்துக்குவோம்."

"டேய், ஒன்னும் செய்யாம விட்டதுதான்டா வைத்தியம்."

"அது என்னா வைத்தியம்?"

டயர் கதையை அவனுக்கும் சொன்னேன். தலையாட்டினான், நம்பவில்லை. ஒரு ஸ்கேன் வெளியில் எடுக்க வேண்டி வந்தபோது காசை அவன்தான் கட்டினான். எவ்வளவு என்று இன்றைக்கு வரை வாயைத் திறக்கவில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். இதைச் சொல்லாதே என்று எத்தனையோ பேர் தடுத்தார்கள். சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் அம்மா வழிப் பெண்களுக்கு ஒரு அடையாளம் உண்டு. எங்கும் இடித்துக்கொள்ளாமலே உடம்பில் கன்றிப்போகும். கையில், தொடையில், முதுகில் நாவல் பழ நிறத்தில் தடங்கள் வரும். தோல் மெல்லிசு, உள்ளே ஓடும் நீல நரம்பெல்லாம் வெளியே தெரியும். விரலைப் பின்னால் வளைத்தால் வளைந்துகொண்டே போகும். அந்தத் தடத்துக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் அம்மன் கைத்தடம். அம்மன் தொட்ட பெண் என்று அர்த்தம். மஞ்சள் பூசிவிட்டுக் கும்பிடுவார்கள். எந்தப் பெண்ணுக்குத் தடம் அதிகமோ அவள்தான் மாசித் திருவிழாவில் எங்கள் வீட்டுக் கரகத்தைத் தூக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம், அதன் மேல் ஒரு முழம் உயரத்துக்கு வேப்பிலையும் பூவும். அதைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு ஏற்றத்திலும் இறக்கத்திலும் வீதியெல்லாம் ஆடி வர வேண்டும்.

என் அம்மா தூக்கினார். நான் பெரிய பிள்ளையான வருசம், கரகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நெஞ்ச யாரோ பிச்சுப் போடுற மாதிரி இருக்கு" என்றார். தண்ணீர் கேட்டார். கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அம்மன் கூட்டிக்கொண்டாள் என்று ஊரே சொன்னது. அம்மாவின் படத்தைக் கோயிலில் மாட்டினார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு நான் தூக்கினேன், போன வருசம் வரை.

பெரிய டொக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"சாமி கூட்டிக்கிட்டுப் போயிருச்சு மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அம்மா என்ன சொன்னார்?"

சொன்னேன். அம்மா சொன்ன அந்த வார்த்தையை நான் அத்தனை வருசமாக யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. டொக்டர் என் கட்டை விரலை வளைத்துப் பார்த்தார். நெஞ்சுத் தோலைப் பார்த்தார், காது மடலைப் பார்த்தார். முழங்கையின் தடத்தைத் தொட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டார். அம்மன் கைத்தடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். நம் உடம்பைக் கட்டி வைத்திருக்கிற நார் ஒன்று இருக்கிறது, கொலாஜன் என்று பெயர். தோலிலும் குழாய்ச் சுவரிலும் குடலிலும் அதுதான் பிடிமானம். அதை எப்படி நெய்ய வேண்டும் என்ற குறிப்பு பிறக்கும்போதே நமக்குள் வருகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தக் குறிப்பில் ஒரு பிழை இருக்கலாம். அதனால்தான் சும்மா கன்றுகிறது, அதனால்தான் குழாய் கிழிகிறது. இரண்டு வெள்ளைக்கார டொக்டர்மாரின் பெயரைச் சேர்த்து எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்கிறார்கள், அதில் இரத்தக் குழாயைத் தாக்கும் வகை. என் நாக்கு அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்வதற்குள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

"பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஒரு மகள்."

"அவருக்கும் இந்த மாதிரித் தடம் வருமா?"

வரும். போன வருசம்தான் அவளுக்கும் தடம் வந்துவிட்டது என்று வீட்டில் பொங்கல் வைத்தோம்.

டொக்டர் கிளினிக் நாளைச் சொன்னார். மகளைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னார். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பூவா தலையா மாதிரிதான், பாதிக்குப் பாதி. பரிசோதித்துப் பார்க்கும் வரை அவள் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, வலி என்றால் அதே நிமிடம் வர வேண்டும் என்றார்.

அன்று பின்னேரம் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அழுகை இல்லை, கோபம். கூட்டிக்கொண்டு போனாளாம்! என் அம்மா கிழிந்து செத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் பூப்போட்டுக் கும்பிட்டிருக்கிறோம். அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் அவள் தலையில் போட்ட பழி அது. சோமா அக்கா ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதைத் தின்ற பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் நேரம் நகராது. விடிந்ததும் பிரஷர் பார்ப்பார்கள், பாண் ரொட்டி வரும், டொக்டர்மார் கூட்டமாக வந்து போவார்கள், அதன் பிறகு பார்வையாளர் நேரத்துக்காக எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்போம். முருகேசு தினமும் இரண்டு பஸ் மாறி சோற்றுப் பார்சலோடு வருவார். பொரித்த கருவாட்டைத் தனியாகச் சுற்றி, தாதி மிஸ்மார் காணாத மாதிரி சட்டைப் பையில் கொண்டு வருவார். உப்புக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்பேன். "நீ மோந்து மட்டும் பாரு" என்பார். ஆனால் ஒரு நாளில் இருந்து தர்ஷினி வருவது நின்றது. பாலாவும் வரவில்லை.

"தர்ஷினி எங்கங்க?"

"வீட்டுல வேலையாம்."

"பாலா?"

"அவனுக்கு மொளகு லோடு."

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மீசையைத் தடவுவார். அன்றைக்கு மீசை தேய்ந்தே போயிருக்கும்.

மகளுக்கு வீடியோ கோல் எடுத்தேன். நன்றாகத்தான் பேசினாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கட்டிய நூல் தெரிந்தது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது கரகம் தூக்குகிறவருக்குக் காப்புக் கட்டுவார்கள். தாய்மாமன்தான் கட்டுவான், அவனும் கட்டிக்கொள்வான். கட்டிவிட்டால் கரகம் இறங்கும் வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. எங்கள் எல்லை மாத்தளை ரோட்டில் இருக்கிற பாலம். கிளினிக் நாள் கரகம் தூக்கும் நாளுக்கு முன்னால் வருகிறது. கிளினிக் இருப்பது கண்டியில்.

"யாரு கட்டுனது?"

"மாமா." அவள் கையை இறக்கிக்கொண்டாள். "நீங்க பொழைச்சா நான் கரகம் தூக்குவேன்னு நேர்ந்துக்கிட்டாரும்மா. அழுதாரு. நான் எப்பிடி வேணாம்னு சொல்றது?"

"அவுத்துப் போடு."

"அவுத்தா ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கும்மா."

என் கையைப் பார்த்தேன். அதிலும் பெயரும் இலக்கமும் எழுதிய பிளாஸ்டிக் பட்டி ஒன்று கிடந்தது. "எனக்கும் இங்க காப்பு கட்டித்தான் வச்சிருக்காங்க. இத அவுத்துட்டு வீட்டுக்கு வர்றேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனம் ஆறவில்லை. தம்பி எனக்காக நேர்ந்திருக்கிறான். என்னைப் பிழைக்க வைக்க என் மகளைப் பணயம் வைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அன்பாகச் செய்த ஒன்றோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரப் பெண்கள் பார்க்க வந்தார்கள். நான் பரம்பரை வருத்தம் என்று வாயைத் திறந்ததும் ஜன்னலைச் சாத்தினார்கள். "வெளிய சொல்லிராத ராணி, புள்ளைக்கு மாப்புள்ள வராது" என்றார் சித்தி. வராத மாப்பிள்ளை வராமலே இருக்கட்டும், என் மகள் இருந்தால் போதும் என்றேன். சித்தி பிளேன்டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். இஞ்சி போட்ட பிளேன்டீதான்.

கிளினிக் நாள் விடிந்தது. எனக்கு ஓட்டத் தடை, முருகேசுதான் வேனை எடுத்தார். அவர் ஓட்டினால் கிளச் அழும். தர்ஷினி பின் சீட்டில் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலத்துக்கு வந்தோம். குறுக்கே பைக்கை நிறுத்திவிட்டு பாலா நின்றிருந்தான்.

நான் இறங்கினேன்.

"அக்கா, நீ போ. மச்சானும் போகட்டும். புள்ள போகக் கூடாது. காப்பு கட்டின புள்ள."

"பாலா, கத்தக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காங்க. அதுனால மெதுவாத்தான் சொல்லுவேன். நல்லா கேட்டுக்க. அம்மாவ அம்மன் கூப்புடல. அம்மாவோட நெஞ்சுக்குள்ள ரத்தக் கொழாய் கிழிஞ்சிச்சு. எனக்குக் கிழிஞ்ச மாதிரியே. அம்மாவ ஓட்டோவுல ஏத்த ஒருத்தருக்கும் தோணல. எல்லாரும் நின்னு கும்புட்டோம்."

"அப்பிடிச் சொல்லாத அக்கா!"

"வேற எப்பிடிச் சொல்றது? நாளைக்கு இவ கரகத்த எறக்கி வச்சுட்டு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, நீ தண்ணி குடுப்பியா, படம் மாட்டுவியா?"

"அப்ப நம்ம இத்தன வருசம் கும்புட்டது?"

"கும்புட்டது கும்புட்டதுதான். அவ நம்ம தாயி. எந்தத் தாயி பெத்த புள்ளய இப்பிடிக் கேப்பா?"

அவன் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்துக்கொண்டே நின்றான். அப்போது வேன் கதவு திறந்தது. அந்தத் துருக் கதவுதான். தர்ஷினி அதை இழுக்கப் போனதும் நானும் முருகேசும் ஒரே நேரத்தில் "விடு!" என்று கத்தினோம். டொக்டர் சொன்னதெல்லாம் அந்த நொடியில் பறந்துவிட்டது. அவள் பாதி திறந்த கதவு வழியாகவே தலையை நீட்டினாள்.

"மாமா, நான் காப்ப அவுக்கல. கையோடதான் போறேன். அம்மனும் எங்கூட கிளினிக்குக்கு வரட்டும். என்னான்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

பாலா மெதுவாகக் கையை இறக்கினான். இறக்கும்போது சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. முன்கையின் உள்பக்கத்தில் நாவல் பழ நிறத்தில் ஒரு தடம். அதன் பக்கத்தில் இன்னொன்று, பழசு, பச்சையாக மங்கிப்போனது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"மூட்ட இடிச்சது" என்று சட்டையை இழுத்துவிட்டான்.

அவனுக்குச் சின்ன வயதில் இருந்தே மூட்டைதான் இடிக்கிறது. ஆம்பிளைக்கு வரும் தடத்தை எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதே இல்லை. அவன் பைக்கைத் தள்ளி வழி விட்டான். நாங்கள் பாலத்தைத் தாண்டினோம். எங்கள் ஊரில் காப்போடு அந்தப் பாலத்தைத் தாண்டிய முதல் ஆள் என் மகளாகத்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். காப்புக் கட்டிய கையால் பைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வர முடியாமல் நின்றிருந்தான்.

கிளினிக்கில் டொக்டர் தர்ஷினியின் கழுத்திலும் வயிற்றிலும் இருக்கும் பெரிய குழாய்களை ஸ்கேன் செய்தார். எங்கும் வீக்கம் இல்லை, கிழிசல் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளிடம் இருந்தும் என்னிடம் இருந்தும் இரத்தம் எடுத்தார்கள். காப்பைப் பார்த்த தாதி மிஸ், அது அங்கேயே இருக்கட்டும் என்று மற்றக் கையில் ஊசி குத்தினார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். ஒரு தம்பி என்றேன். அவரையும் கூட்டி வாருங்கள், இது ஆண் பெண் பார்க்காது என்றார்.

இனிக் கரகம். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நேர்ந்தாயிற்று, காப்புக் கட்டியாயிற்று, கரகம் வராமல் இருக்க முடியாது என்றார்கள். வரும் என்றேன். யார் தூக்குவது என்று கேட்டார்கள்.

"அம்மன் ஊர்வலம் வரணும், அவ்வளவுதானே? தேருக்கும் சக்கரம் இருக்கு, என் வேனுக்கும் சக்கரம் இருக்கு. தேருல ஏறுறவ வேன்ல ஏற மாட்டாளா?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பூசாரி ஐயா தாடியைச் சொறிந்துகொண்டு, வேனைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தால் குற்றமில்லை என்றார். அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் என் வேனில்தான் ஸ்கூலுக்குப் போகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்த வருசம் எங்கள் வீட்டுக் கரகம் ஸ்கூல் வேனில் போனது. முன் சீட்டில் நானே பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். சுற்றிவர வேப்பிலை கட்டினோம். முருகேசு முதல் கியரிலேயே ஓட்டினார், கிளச் வழியெல்லாம் அழுதது. தர்ஷினி பின்னால் இருந்து குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். வேனில் வரும் பிள்ளைகள் எல்லோரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். சிலர் வேனைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பாலா வெறுங்காலோடு முன்னால் நடந்து, கரகத்துக்கு நடப்பது மாதிரியே வேனுக்கும் வழி விலக்கிக்கொண்டு போனான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் கரகத்தை இறக்கியதும் தர்ஷினியின் காப்பை அவனே அவிழ்த்தான். பிறகு அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றான்.

இரத்தப் பரிசோதனையின் முடிவு வருவதற்குள் வீட்டுத் தென்னையில் ஒரு தடவை தேங்காய் பறித்துவிட்டோம். எனக்கு இருக்கிறது. அதை எதிர்பார்த்தேன். டொக்டர் தர்ஷினியின் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் இருக்கிறது.

வெளியே வந்து வேனுக்குள் உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் அழுதேன். மாத்தளையிலும் அழாதவள், அம்புலன்ஸிலும் அழாதவள், டேஷ்போர்டில் தலையை வைத்து அழுதேன். நான் கொடுத்ததுதானே அது. தர்ஷினி என் முதுகைத் தடவினாள்.

"அம்மா, பாட்டிக்கு ஒருத்தரும் சொல்லல. எனக்குச் சொல்லியாச்சு. நான் என்னா பாட்டியா?"

அவளுக்கு இப்போது மருந்து உண்டு, வருசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் உண்டு. பாரம் தூக்க மாட்டாள். கல்யாணம் பேசி வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லப் போகிறாளாம், பிள்ளை பெறுவது அவளுக்கு ஆபத்து என்பதையும் சேர்த்து. ஓடுகிறவன் அன்றைக்கே ஓடட்டும் என்கிறாள். எனக்கும் குழாய் ஒட்டிக்கொண்டது. டொக்டர் விட்ட பிறகு மீண்டும் வேனை எடுத்துவிட்டேன். கதவை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது ஒரு விரலால் தள்ளினால் ஓடுகிறது.

எங்கள் அடுத்த கிளினிக் நாள் காலையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாலா வந்து நின்றான். பாலத்தில் நின்ற நாளுக்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வந்ததே அன்றைக்குத்தான். கழுவி இஸ்திரி போட்ட சட்டை, கை இரண்டையும் முழங்கை வரை மடித்து விட்டிருந்தான். புதுத் தடம் ஒன்று இருந்தது. அவன் அதை மறைக்கவில்லை.

"மூட்ட தூக்க லொறிக்கு ஆள் வச்சிட்டேன்" என்றான். பிறகு காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு கேட்டான். "வேன்ல எடம் இருக்கா அக்கா?"

நான் துணியை உதறினேன்.

"முன்னுக்கு ஏறு. அம்மன் இருந்த சீட்டுதான். பெல்ட்ட போடு."